கட்டிலுக்கடியில் ஒரு பலகை

"இந்தப் பலகையால் என்ன பிரயோஜனம், மாப்ளே?" என்று என் அத்தான் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். 18,000 ரூபாய் கொடுத்தவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அந்தப் பலகை எட்டு மாதம் கட்டிலுக்கடியில் ஒட்டடை படிந்து கிடந்தபோது அத்தான் ஒருநாள்கூட இதைக் கேட்கவில்லை. அது வெளியே வந்து தெருவில் ஓடிய பிறகுதான் கேட்டார். அதுவும், ஓட்டியவள் அவருடைய மகள் என்று தெரிந்த பிறகுதான் கேட்டார். ஆகவே அவர் கேட்டது பலகையைப் பற்றிய கேள்வி அல்ல என்பது என் கட்சி. இருந்தாலும் கேட்டது கேட்டதுதான். முதலில் பலகையைப் பற்றியே பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலகை வந்த கதை மிகவும் சாதாரணமானது. அக்காவின் மகன் சென்னையில் படிக்கிறான். பெசன்ட் நகர் கடற்கரையில் சிநேகிதர்கள் ஓட்டுவதைப் பார்த்து ஆசைப்பட்டான். பையன் ஆசைப்பட்டால் வாங்கிக் கொடுக்கிற தகப்பனார் அத்தான். விடுமுறைக்கு நாகப்பட்டினம் வந்தபோது கொண்டு வந்தான். மூன்று நாள் ஓட்டினான். இரண்டு முழங்காலும் தேய்ந்தன. திரும்பிப் போகும்போது பலகையை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். தங்கைக்குப் பதினாலு வயது. அவள் ஒருநாள் விளக்குமாற்றோடு கட்டிலுக்கடியில் புகுந்தாள். வெளியே வரும்போது பலகையோடு வந்தாள்.

சக்கரம் வைத்த பலகையை எல்லாரும் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். ஸ்கேட்போர்டு என்பார்கள். இது அதில் ஒரு தனி ஜாதி. சர்ஃப் ஸ்கேட் என்று பெயர். சாதாரணப் பலகையில் முன்னச்சும் பின்னச்சும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு காலால் தரையை உதைத்தால் நேரே ஓடும். உடம்பைச் சாய்த்தால் கொஞ்சம் வளையும். இதில் பின்னச்சு சாது. முன்னச்சுதான் குறும்புக்காரன். அது ஒரு தனிக் கையில் பொருத்தப்பட்டு, இடமும் வலமுமாக வாத்து கழுத்தைத் திருப்புகிற மாதிரித் திரும்பும். சில தயாரிப்புகளில் அதை மறுபடி நடுவுக்கு இழுத்துவர ஒரு வில் இருக்கும். பின்னங்கால் ஊன்றிய இடம் ஊன்றியபடி இருக்க, பலகையின் மூக்கு மாத்திரம் வளைந்து வளைந்து போகும். கார்விங் என்கிறார்கள், செதுக்குவது என்று அர்த்தம். தரையைப் பார்த்தால் ஒன்றும் செதுக்கியிருக்காது. ஓட்டுகிறவரைப் பார்த்தால்தான் அந்த வார்த்தை விளங்கும்.

இதன் பூர்வோத்தரத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கலிபோர்னியாக் கரையில் அலைமேல் சறுக்குகிறவர்கள், கடலில் அலை இல்லாத நாட்களில் கை கட்டி உட்கார்ந்திருக்க முடியாமல், 1950களில் பலகையில் சக்கரம் அடித்துத் தெருவில் இறங்கினார்கள். அப்போது இரும்புச் சக்கரம். பிறகு களிமண் கலவைச் சக்கரம். ஒரு சின்னக் கல் குறுக்கே வந்தால் பலகை நின்றுவிடும், மனிதன் மட்டும் மேலே போய்க்கொண்டிருப்பான். 1970களின் தொடக்கத்தில் ஃப்ராங்க் நாஸ்வர்த்தி என்பவர் யூரிதேன் என்ற மிருதுவான பொருளில் செய்த சக்கரங்களைக் கொண்டு வந்ததும்தான் தரையில் ஒட்டி ஓடும் பிடிப்பு கிடைத்தது. 1990களின் நடுவில் அதே கலிபோர்னியாவின் வெனிஸ் என்ற இடத்தில் கிரெக் ஃபால்க், நீல் கார்வர் என்ற இருவர், அலையில் திரும்புகிற மாதிரியே தரையில் திரும்ப வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, இந்தத் திரும்பும் முன்னச்சைச் செய்தார்கள். அலை இல்லாத நாளுக்காக மனிதன் செய்துகொண்ட அலை இது. இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஓட்டிப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்வது விமர்சகர்களின் தொழில். நான் கதை எழுதுகிறவன். ஆகையால் ஓட்டினேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நாற்பத்தாறு வயசுக்காரன் தேர்ந்தெடுக்கும் நேரத்தில், எங்கள் தெருவின் சிமெண்ட் ரோட்டில் ஏறி நின்றேன். ஏறிய மாத்திரத்தில் பலகை என்னை விட்டுவிட்டு எதிர்வீட்டுக் கோலத்துக்குப் போய்விட்டது. நான் தெருவில் உட்கார்ந்திருந்தேன். மருமகள் சிரிக்கவில்லை. "காலப் பாக்காதீங்க மாமா, போற எடத்தப் பாருங்க" என்றாள். அதுதான் இந்த வித்தையின் மூல மந்திரம். கண் எங்கே திரும்புகிறதோ அங்கே தோள் திரும்பும், தோளைத் தொடர்ந்து இடுப்பு, இடுப்பைத் தொடர்ந்து பாதம், கடைசியில்தான் பலகை. காலால் தரையை உதைக்க வேண்டியதே இல்லை. முழங்காலை மடக்கித் தாழ்ந்து, வளைவின் முடிவில் எழும்பினால் வேகம் பிறக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஊஞ்சல் ஆடியவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். யாரும் தள்ளாமல், நாமே மடங்கி நிமிர்ந்து ஊஞ்சலை உச்சத்துக்குக் கொண்டுபோகிறோமே, அதே கணக்கு.

பத்து நாளில் எட்டு முறை விழுந்தேன். பதினோராம் நாள், தெருமுனைக் குழாயிலிருந்து எங்கள் வாசல்வரைக்கும் ஒருமுறைகூடக் காலைத் தரையில் வைக்காமல் வந்து சேர்ந்தேன். ஒரு நாவலை முடித்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு அகம்பாவம் அடைந்ததில்லை.

நம்முடைய டெல்டா ஜில்லாவுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்கு இந்தப் பலகை ஆகாது. வேகம் அதிகமானால் அந்தக் குறும்பு முன்னச்சு உதறத் தொடங்கி ஆளை வீசிவிடும். ஆனால் காவேரி கொண்டுவந்து போட்ட வண்டலில், மேடு என்றால் வாய்க்கால் கரையும் மதகுமாக வாழ்கிற நமக்குச் சரிவு ஏது? சமதரையில் தானே வேகத்தை உண்டாக்கிக்கொள்கிற பலகை, சமதரைக்காரர்களுக்கென்றே செய்தது போலத்தான் இருக்கிறது.

இனி அத்தானின் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். அவர் மூன்று சொன்னார், நாலாவதைச் சொல்லவில்லை.

முதலாவது: "இதெல்லாம் வெள்ளைக்காரன் பைத்தியம்." சொல்லும்போது அத்தான் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகரலாம். ஆனால் அது குறும்பு, பதிலாகாது. பதில் வேறு. லாரி பட்டறையில் கழித்துப் போட்ட பழைய பேரிங்குகளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்து, மரச்சட்டத்தில் கோத்து, மேலே பலகை அடித்து நாங்கள் ஓட்டிய பேரிங் வண்டியை அத்தான் மறந்துவிட்டாரா? அதன் முன்கட்டை எப்படி இருந்தது? நடுவில் ஒரே ஒரு போல்ட்டில் சுழலும். இரண்டு முனையிலும் கயிறு கட்டி இழுத்துத் திருப்புவோம். முன்னச்சு திரும்ப வேண்டும், பின்னச்சு சும்மா இருக்க வேண்டும் என்ற தத்துவத்தை எங்கள் தெருப் பொடியன்கள் எந்தக் கலிபோர்னியாக்காரனிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அவன் அதற்கு வில் வைத்தான், விலை வைத்தான். நாம் நம்முடையதைக் குப்பையில் போட்டோம்.

இரண்டாவது ஆட்சேபணையை அத்தான் வாய் தவறிச் சொன்னார். "பிச்சைக்காரன் பலகை மாதிரி இருக்கு." கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்ன வயதில் நாகூர் கந்தூரிக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் போகிறபோது அந்தப் பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பியவர்கள், ஒரு சாண் உயரப் பலகையில் உட்கார்ந்து, கையில் கட்டை பிடித்துத் தரையைத் தள்ளி வருவார்கள். கூட்டத்துக்குள் கால்களுக்கிடையே அவர்கள் வளைந்து போன லாகவம் இருக்கிறதே, அது இன்றைக்கு எனக்கு வாய்க்காது. 2014 மார்ச்சில் இந்தியா இளம்பிள்ளைவாதம் ஒழிந்த நாடு என்று சான்று பெற்றது. அந்த நோய்க்குப் பிள்ளைகள் இனிமேல் காலைப் பறிகொடுக்க வேண்டியதில்லை. சந்தோஷம். ஆனால் கால் இல்லாதவன் நகர்வதற்கு வழி தேடிக்கொண்ட பலகையைப் பார்த்து அன்றைக்கு அருவருத்தோம். கால் உள்ளவள் சந்தோஷத்துக்காக ஏறுகிற பலகையைப் பார்த்து இன்றைக்கு அதே அருவருப்பை நினைவுபடுத்திக்கொள்கிறோம். தரைக்கு அருகில் இருப்பதெல்லாம் கேவலம் என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நாற்காலி வந்த பிறகு நம் மத்தியதர வர்க்கத்துக்கு வந்த வியாதிகளில் இதுவும் ஒன்று.

மூன்றாவது ஆட்சேபணை பணம். இதில் அத்தான் பக்கம் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன்.

கடைக்கும் கல்லூரிக்கும் போய்வர வாகனம் தேடுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். சைக்கிள் வாங்குங்கள், பின்னால் சாமான் கட்டலாம். பலகையோடு எகிறிக் குதிக்கிற வித்தைகள் கற்க விரும்புகிறவர்களும் வாங்க வேண்டாம். இதன் முன்னச்சு கனம். அதற்குச் சாதாரணப் பலகைதான் தோது, விலையும் குறைவு. ஜல்லி பெயர்ந்த ரோட்டில் வசிப்பவர்கள் வாங்கினால் சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம். பஸ் போகிற சாலையில் ஓட்ட நினைப்பவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் வீட்டாருக்கு என் அனுதாபம். வாங்குகிறவர்கள் தலைக்கவசத்தையும் மணிக்கட்டுக் காப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். விழுகிற மனிதன் கையைத்தான் ஊன்றுவான். முதலில் முறிவதும் மணிக்கட்டுதான். எங்கள் ஊரைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு சத்துரு உண்டு. அது உப்புக்காற்று. மணலும் உப்பும் சேர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். நாலு சக்கரத்துக்கு எட்டு பேரிங். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். தேய்ந்துபோனால் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. 608 என்ற நம்பர். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவட்டம் 22, அகலம் 7. மோட்டார் பழுது பார்க்கிறவர்கள் தினமும் கையாளுகிற சாமான்தான்.

இவ்வளவும் சரி. ஆனால் செலவைப் பற்றிப் பேசுகிற அத்தான் வீட்டில் ஓடாமலே ஓடுகிற நடைப்பயிற்சி இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் விலை இந்தப் பலகையைப்போல் இரண்டு மடங்கு. அதில் ஈரத்துண்டு காய்கிறது. அதற்குப் பிரயோஜனம் கேட்டவர்கள் உண்டா? நம் வீடுகளில் உபயோகமில்லாமல் கிடக்கும் எந்தப் பொருளுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. உபயோகிக்கத் தொடங்கினால்தான் கணக்கு. அதிலும் உபயோகிப்பது யார் என்று பார்த்துத்தான் கணக்கு.

இப்போது அத்தான் சொல்லாத நாலாவது ஆட்சேபணைக்கு வருகிறேன்.

மகன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டபோது, "ஆம்பளப் புள்ள, விழுந்து எந்திரிச்சாத்தான் ஆச்சு" என்றார். மகள் விழுவதற்கு முன்பே, "விழுந்து மூஞ்சி கீஞ்சி பேந்துட்டா நாளைக்கு யாரு வந்து பாப்பா?" என்றார். பதினாலு வயதுப் பெண்ணின் முகத்தை, இன்னும் வராத யாரோ ஒருவன் பார்ப்பதற்காகப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டுமாம்! தெருவில் நாலுபேர் பார்க்கக் கையை விரித்துக்கொண்டு, இடுப்பை வளைத்துக்கொண்டு ஒரு பெண் போவதா என்பதுதான் அவருடைய உண்மையான வேதனை. அதை நேராகச் சொல்லியிருந்தால் நானும் நேராகச் சண்டை போட்டிருப்பேன். அவர் பலகையின் பிரயோஜனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

ஆப்கானிஸ்தானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2007இல் ஆலிவர் பெர்கோவிச் என்ற ஆஸ்திரேலியர் காபூல் நகரத்துக்குச் சறுக்குப் பலகைகளோடு போனார். பெண்கள் சைக்கிள் ஓட்டுவதைப் பொறுக்காத ஊர் அது. ஆனால் இந்தப் பலகையை அங்கே யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்க்காததற்குத் தடை எப்படி இருக்கும்? பெரியவர்கள் யோசித்து முடிப்பதற்குள் சிறுமிகள் ஏறிவிட்டார்கள். ஸ்கேட்டிஸ்தான் என்ற பள்ளியே உருவாயிற்று. அந்தச் சிறுமிகளைப் பற்றிய குறும்படம் 2020இல் ஆஸ்கார் வாங்கியது. அடுத்த வருஷம் தாலிபான்கள் ஆட்சிக்குத் திரும்பினார்கள். அந்த நாட்டுப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளிக் கதவே சாத்தப்பட்டது. புதுப்பொருளுக்குள்ள அழகு இதுதான்: அதற்கு இன்னும் சாஸ்திரம் எழுதப்படவில்லை. எழுதுவதற்கு முன் ஏறிக்கொள்ள வேண்டும். அத்தான் எங்கள் தெருவில் அந்தச் சாஸ்திரத்தின் முதல் சூத்திரத்தை எழுதப் பார்க்கிறார். நான் பேனாவைப் பிடுங்குகிறேன், அவ்வளவுதான்.

காபூல் தூரம் என்பவர்களுக்கு மாமல்லபுரம் இருக்கிறது. அங்கே மீனவக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி பலகை ஏறியதையும், அவளை ஏறவிட்ட தாயையும் பற்றி எடுத்த 'கமலி' என்ற குறும்படம், காபூல் படத்தோடு ஒரே பட்டியலில் பிரிட்டனின் பாஃப்டா பரிசுக்குப் போட்டியிட்டது. கமலி பிறகு கடல் அலையிலும் ஏறிப் போட்டிகளில் ஜெயித்தாள். 2021இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது பெண்கள் சறுக்குப் பலகைப் போட்டி ஒன்றில் தங்கம் வாங்கிய மோமிஜி நிஷியாவுக்கு வயது 13. வெள்ளி வாங்கியவளுக்கும் 13. அங்கே ஓடியது சாதாரணப் பலகை. நம் வளைவுப் பலகைக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. இடமில்லாததே நல்லது என்பேன். பதக்கம் உண்டென்று தெரிந்தால் அத்தான் நாளைக்கே மகளைக் காலை நாலு மணிக்கு எழுப்பிக் கோச்சிங் சேர்த்துவிடுவார். பிரயோஜனம் இல்லாத ஒரு சந்தோஷத்தைத் தம் பிள்ளைகளுக்கு மன்னிக்கத் தெரியாத வர்க்கம் நம்முடையது.

கடைசியாக அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை.

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலையில் கடல் உள்ளே வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். கீச்சாங்குப்பத்தில் இருந்த அக்காவின் பள்ளித் தோழியும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் அதில் அடக்கம். அன்றிலிருந்து அக்கா கடலில் காலை நனைத்ததில்லை. பிறகு பிறந்த மகளையும் நனையவிட்டதில்லை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குப் பதினாலு வயதுவரை அலை என்றால் என்னவென்று பாதத்துக்குத் தெரியாது. அக்காவை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நாளைப் பார்த்தவர்களுக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

ஆனால் ஒருநாள் சாயங்காலம் அக்கா வாசல்படியில் நின்று மகள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் தாழ்ந்து, எழுந்து, இடம் வளைந்து, வலம் வளைந்து, தெருமுனையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அக்கா வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அலையாட்டம் வர்றாடா" என்றாள். குரலில் பயம் இல்லை. அலை இல்லாத நாளுக்காகக் கலிபோர்னியாக்காரன் செய்தது, அலையைக் கண்டு பயந்துபோன ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு என்ன விலை போடலாம் என்று அத்தான்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரமே மீனவர் குடியிருப்புப் பையன்கள் இரண்டுபேர், "ஒரே ஒரு ரவுண்டு குடுங்க சார்" என்று வந்தார்கள். நான் பத்து நாளில் கற்றதை அவர்களில் ஒருவன் பத்து நிமிஷத்தில் கற்றான். ஆடுகிற படகில் நின்று பழகிய கால். இப்போது ஏழு பிள்ளைகள் முறைவைத்து ஓட்டுகிறார்கள். மூன்றுபேர் பெண்கள். என்னுடைய தீர்ப்பும் அங்கேதான் பிறந்தது. தனி ஒருவருக்கு இந்தப் பலகை விலை அதிகம்; ஒரு தெருவுக்கு மலிவு. ஒரு வீட்டில் ஒன்று வாங்கிப் பூட்டிவைக்காதீர்கள். நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். அதைவிட முக்கியம், ஓட்டுவதற்கு நூறடிக்கு ஐம்பதடி வழவழப்பான சிமெண்ட் தரை. சாயங்காலம் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துத் தளமே போதும். பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். தேரோடுவதற்கு நாலு வீதி விட்டுக் கட்டிய ஊர்களில், பிள்ளைகள் ஓடுவதற்கு ஒரு மூலை கேட்பது அதிகமில்லை.

அத்தானுக்கு: 18,000 ரூபாய் தண்டம் என்று நீங்கள் சொன்னது வாஸ்தவம்தான். அந்தப் பலகை கட்டிலுக்கடியில் கிடந்த எட்டு மாதத்துக்கு அது அப்படியே பொருந்தும். மகளுக்குத் தலைக்கவசம் ஒன்று வாங்க வேண்டும். நான் வாங்கிவிடுவேன். ஆனால் நீங்கள் வாங்கிக் கொடுத்தால்தான் அவள் அதைப் போட்டுக்கொள்வாள்.